பழைய ஃபோர்டு 8என்: பிளக்கைத் துடைப்பதா, மாற்றுவதா?

ஊரில் டிராக்டர் என்றால் டீசல். அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. மொபெட் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துப் பழகிய கையோடுதான் அமெரிக்காவின் ஓஹையோவில், 1950ஆம் ஆண்டில் தயாரான ஃபோர்டு 8என் டிராக்டர் ஒன்றை வாங்கினேன். பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர், 6 வோல்ட் பேட்டரி. வாரம் ஒருமுறை புல் வெட்டும், எப்போதாவது விறகு இழுக்கும். முதல் கோடையிலேயே கரி படிந்து நான்கு முறை பிளக்கைக் கழற்ற வைத்தது.

பழையதைத் துடைத்துப் போடலாம். அதே வகையில் புதிது வாங்கலாம். சூடு கூடிய வகைக்கு மாறலாம். நான் மூன்றாவதற்கு மாறிவிட்டேன்.

புதிது வாங்குவதில் சொல்ல அதிகமில்லை. நான்கும் சேர்ந்தே ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுச் செலவுதான். பொறி தாவும் இடைவெளியை 0.025 அங்குலத்துக்கு வைத்து முடுக்கினால் வேலை முடிந்தது. ஆனால் சில வாரங்களில் மறுபடி கரி.

துடைப்பது சிக்கனமாகத் தோன்றும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் பீங்கானில் உலோகக் கீறல் விழும். மின்சாரம் அந்தக் கோட்டின் வழியே கசிந்துவிடும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் பட்டறை ஒன்றில் கொடுத்துப் பார்த்தேன். பளபளவென்றுதான் வந்தது. காற்றடித்தாயிற்று என்றார்கள். வீட்டில் வெள்ளைத் தாள்மேல் தட்டினேன்: மூன்று மணல் துகள்கள். பீங்கானுக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் அடி கண்ணுக்குத் தெரியாது. அங்கே மிச்சமிருப்பது சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன் ரிங் தேயும். நான்கையும் அன்றே குப்பையில் போட்டேன்.

என் கணக்கில் எதையும்விடப் பெரியது, எத்தனை முறை கழற்ற வேண்டியிருக்கிறது என்பதுதான். மூன்றாவது சிலிண்டர் பிளக்கைத் தொட்டால் கண்மைபோல் விரலில் ஒட்டும். காரணம் பிளக் அல்ல, என் வேலை. சோக்கை இழுத்துக் கிளப்புகிறேன், வெறுமனே உறுமவிட்டு வாசல்கதவைத் திறக்கப் போகிறேன், அரைமணி மெதுவாக ஓட்டி நிறுத்துகிறேன். பிளக் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் கரி தானாக எரியும். என் வண்டியில் அது தொடுவதே இல்லை. சூடு கூடிய பிளக் என்றால் பொறி பெரிது என்று பொருளல்ல. அதன் பீங்கான் மூக்கு நீளம், சூடு எஞ்சின் தலைக்கு இறங்க நேரமாகிறது, முனை சூடாகவே இருக்கிறது. மாட்டியபின் ஒரு கோடை முழுக்க ஒரே ஒருமுறைதான் கழற்றினேன், அதுவும் ஆவலில். மூன்றாவது பிளக் கரியில்லாமல் பிஸ்கட் நிறத்தில் இருந்தது.

முழுப் பெருமையையும் பிளக்குக்கே கொடுக்க முடியாது. அதே வாரம் கார்புரேட்டர் திருகையும் அரைச் சுற்று முடுக்கிப் பெட்ரோலைக் குறைத்திருந்தேன். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல ஒரு கோடை அனுபவம் போதாது.

நாள் முழுக்கக் கலப்பை இழுக்கும் வண்டிக்கு இதைச் சொல்ல மாட்டேன். முனை சுமார் 850 டிகிரியைத் தாண்டினால் பொறி வருமுன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். அது பிஸ்டனுக்கு ஆகாது. பக்கத்து நிலத்துக்காரர் உழவுக்கு வண்டி கேட்டிருக்கிறார். பழைய வகையில் புதிது நான்கு, பெட்டி பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அவற்றை மாட்டித்தான் கொடுப்பேன்.