முதலில் 'ஓதோன்' வேண்டாம்

ழான்-மாரி ஸ்ட்ராப், டானியல் உய்யே என்ற பிரெஞ்சு இயக்குநர் இணையர் பழைய ரோமைப் பற்றி எடுத்த இரண்டு படங்களில் எதை முதலில் போடலாம்? 1969இல் படமாக்கிய 'ஓதோன்' ஒன்று, 1972இன் 'வரலாற்றுப் பாடங்கள்' மற்றொன்று. இரண்டுமே 16 மி.மீ. வண்ணம், ஒன்றரை மணி நேரத்துக்குள், படப்பிடிப்பின்போதே பதிவான ஒலி. பழைய ரோமானிய உடை போட்டவர்கள் இன்றைய இத்தாலியின் வெயிலில் பேசுவதும் பொது. எங்கள் கை இரண்டாவதற்கே போகும்.

காரணம் சப்டைட்டில். 'ஓதோன்' 1664இல் பிரெஞ்சு நாடகாசிரியர் கொர்னேய் எழுதிய செய்யுள் நாடகம். அடிக்குப் பன்னிரண்டு அசை. நடிப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பிரெஞ்சு தாய்மொழி அல்ல. ஏற்ற இறக்கம் காட்டாமல் விறுவிறுவென்று ஒப்பிக்கிறார்கள். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். கண் திரையின் அடியிலேயே கிடக்க, ரோமின் பாலட்டைன் குன்றும் அதன் கீழே இரையும் வண்டிகளும் வீணாகப் போகும். போதாக்குறைக்கு, வாரிசில்லாத கிழ மன்னன் கல்பாவுக்குப் பின் யார், எந்தப் பெண்ணை யாருக்குக் கட்டிவைப்பது என்ற சூழ்ச்சிக் கணக்கு. கல்பாவுக்குப் பின் கி.பி. 69இல் ஓதோ (பிரெஞ்சில் ஓதோன்) மூன்றே மாதம்தான் ஆண்டான் என்பதையாவது தெரிந்துகொண்டு உட்கார வேண்டும்.

'வரலாற்றுப் பாடங்கள்' கண்ணுக்கு ஓய்வு தருகிறது. ஜெர்மன் எழுத்தாளர் பிரெக்ட் முடிக்காமல் விட்ட, ஜூலியஸ் சீசரைப் பற்றிய நாவல்தான் மூலம். சீசர் திரைக்கே வருவதில்லை. கோட்டு போட்ட இளைஞன் ஒருவன் வங்கியாளர், குடியானவர், வழக்கறிஞர், கவிஞர் என்று ஒவ்வொருவராக விசாரிக்கிறான். கடற்கொள்ளையர் சீசரைப் பிடித்த புகழ்பெற்ற கதை, வங்கியாளர் வாயில் அடிமை வியாபாரத் தகராறாகச் சுருங்கிவிடுகிறது. பேச்சு இங்கேயும் அடர்த்திதான், ஆனால் இடையிடையே மூன்று கார்ப் பயணங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 நிமிடம். பின்னிருக்கையில் கேமரா அசையாமல் இருக்கும். ஓட்டுபவனின் பிடரி, கண்ணாடி, திறந்த கூரை, அதற்கு வெளியே ரோமின் சந்துகள். வசனமே கிடையாது. குறுக்கே ஆள் வந்தால் கார் நிற்கும், கியர் மாறும், மறுபடி நகரும். கேட்டதைச் செரிக்க இந்த நேரம் போதும். இதைச் சலிப்பு என்று ஓட்டித் தள்ளினால் படத்தில் பாதி போயிற்று.

ஒலி அளவை முதல் கார்ப் பயணத்தில் வைத்துச் சரிசெய்யுங்கள், பேச்சில் வைத்து அல்ல: கியர் மாறும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். டிவியில் குரலைத் தூக்கிக்காட்டும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். தெரு இரைச்சலைக் குறையென்று நினைத்து அது அமுக்கிவிடும். அகலத்திரைக்கு இழுக்கவும் வேண்டாம், இருபக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும்.

பிரெஞ்சு காதில் ஏறுமென்றால் இந்த வரிசை தலைகீழாகலாம். சப்டைட்டிலை அணைத்துவிட்டு 'ஓதோன்' பார்ப்பது வேறு அனுபவம். மற்றவர்கள் நாடகத்தின் கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டு, ஒரு நாளைக்கு இரண்டு அங்கத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். மொத்தம் ஐந்து அங்கம்.