வைப்பரை சுப்பர் மார்க்கட்டில் வாங்கலாம், பிரேக் பேடை?

இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் இருக்கிற அல்டோவையும் விட்ஸையும் பழுது பார்த்தே ஓட்டினோம். சாமான் வேண்டுமென்றால் ஊர் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை, அங்கே கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தை. இப்போது பெரிய சுப்பர் மார்க்கட்டிலும் பருப்பு, சவர்க்காரம் தாண்டி ஒரு தட்டில் வைப்பர், பல்ப், எஞ்சின் ஒயில் அடுக்கியிருக்கிறார்கள். எதை எங்கே வாங்குவது?

வைப்பருக்கு சுப்பர் மார்க்கட் போதும். விலை ஒட்டியிருக்கும், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். இரண்டு பக்க பிளேடுக்கும் நீளம் வேறாக இருக்கலாம், அதனால் அளந்துகொண்டு போங்கள். ரப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள், விறைத்திருந்தால் பழைய ஸ்டொக். எஞ்சின் ஒயிலும் அப்படித்தான்: சீல் உடையாத கேன், வண்டிப் புத்தகத்தில் சொன்ன கிரேட். அக்குவா போன்ற ஹைபிரிட்டுக்கு 0டபிள்யூ-20 என்றால் அதையே எடுங்கள்.

பல்ப் வாங்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். முன் லைட்டுக்குப் போடும் எச்4 பல்ப் 60/55 வாட்ஸ். நுவரெலியாப் பனிமூட்டத்துக்கு என்று 100 வாட்ஸ் பல்பைப் போட்டால் ஹோல்டரும் வயரும் சூடாகி உருகும். வெள்ளை வெளிச்சம் கூடினால் பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசவைக்கும். பழைய அளவே நல்லது.

பற்றரிக்கு நான் ஊர்க் கடையைத்தான் சொல்வேன். தட்டில் மாதக்கணக்கில் கிடந்த பற்றரி தானாகவே சார்ஜ் இறங்கும். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட்ஸ் காட்ட வேண்டும். ஊர்க் கடையில் மீட்டர் வைத்துக் காட்டுவார்கள், பூட்டித் தருவார்கள், பழையதை விலைக்கு எடுப்பார்கள். கேரண்டிக்கு அலையவும் வேண்டாம்.

பிரேக்தான் எனக்கு முக்கியம். ரம்பொடை இறக்கத்திலும் கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல வரையிலும் மிதித்துக்கொண்டே இறங்கினால் பேட் சூடேறிப் பிடிப்பு குறையும். அதனால்தான் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடிக்கச் சொல்கிறோம். தரமற்ற பேட் இன்னும் சீக்கிரமாகக் கைவிடும். பெட்டியில் 'விட்ஸ்' என்று எழுதியிருந்தாலும் எல்லா விட்ஸுக்கும் ஒரே பேட் பொருந்தாது. ஊர்க் கடைக்காரர் சாசி நம்பரைப் பார்ப்பார், பழைய பேடைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார், பொருந்தாவிட்டால் மாற்றியும் தருவார். அந்தச் சேவைக்காகச் சில நூறு ரூபாய் கூடக் கொடுப்பது நியாயம்தான்.

பிரேக் ஒயில் மட்டும் விதிவிலக்கு. சீல் வைத்த டொட் 4 கேன் எங்கே வாங்கினாலும் சரி. புதிதில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். ஆகையால் சின்னக் கேனாக வாங்குங்கள், திறந்து மீந்ததை அடுத்த முறைக்கு வைக்காதீர்கள்.

பஞ்சிகாவத்தை? கண்ணாடி, லைட் செட், கியர் பெட்டி போன்ற பாவித்த ஜப்பான் சாமானுக்குப் போங்கள். திருப்பிக் கொடுக்கப் பயணச் செலவு இரண்டு மடங்காகும். பாவித்த பிரேக் பேடை மட்டும் எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள்.

பேட் மாற்றும்போது மெக்கானிக் பாஸிடம் டிஸ்க்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கடை பில்லில் பிராண்ட் பெயரையும் பாக நம்பரையும் எழுதி வாங்குங்கள்.