ஒரே அமர்வா, அடுக்கடுக்காகவா?

நோயோடு வாழும் எண்ணெய் வண்ண ஓவியருக்கு நேரத்துக்கு முன்பே தெம்பு தீர்ந்துவிடும். அவர் வெளிக்காட்சியை ஒரே அமர்வில் முடிப்பதா, அடுக்கடுக்காகத் தீட்டுவதா?

வெளியில் அமர்ந்து ஒரே மூச்சில் முடிக்க 20×25 செ.மீ. பலகை தாராளம். இரண்டு மணி நேரத்துக்குள் வெளிச்சம் மாறிவிடும். நிழல்களை முதல் பத்து நிமிடத்திலேயே போட்டுவிட்டு, பிறகு வெயிலைத் துரத்தாமல் இருக்க வேண்டும். பாதியில் களைத்துப்போனால்தான் சங்கடம். மறுநாள் வண்ணம் பிசுபிசுக்கும், மேலே தீட்டினால் அடியிலுள்ளது பெயர்ந்து சேறாகும். சுரண்டிவிடுவதே மேல்.

ஓர் அடுக்கு காய்ந்தபின் அடுத்ததைத் தீட்டும் அடுக்குமுறையில் ஓய்வு நாட்கள் வீணில்லை, அவை காயும் நாட்கள். அடியில் அம்பர் என்ற மண்பழுப்பு வண்ணத்தை மெல்லிசாகப் பூசுங்கள், சீக்கிரம் காயும். மேலடுக்குகளுக்குப் போகப்போக வண்ணத்தில் எண்ணெய் அதிகமாக வேண்டும். தலைகீழானால் மேலடுக்கு முந்திக் காய்ந்து வெடிக்கும். டைட்டானியம் வெள்ளை மெதுவாகக் காயும் என்பதால் அதை அடியில் தடிமனாக வைக்காதீர்கள். புகைப்படத்தை மட்டும் நம்பினால் நிழலெல்லாம் கறுத்துப்போகும். நேரில் பார்த்த நிறங்களைச் சட்டென்று தீட்டிய நிறக்குறிப்பு கையில் இருக்கட்டும்.

உடல்நிலை நாளுக்கொரு விதமென்றால் அடுக்குமுறைதான் தோது. வெளி அமர்வை நிறக்குறிப்புக்கு வைத்துக்கொள்ளலாம், அரை மணி போதும்.

எந்த முறையானாலும் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வேண்டாம், அதன் நெடி தலைவலியும் குமட்டலும் தரும். தூரிகையை ஆளி எண்ணெயில் அலசி, சோப்பில் கழுவலாம். தூரிகை துடைத்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கக்கூடும்; தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.