தளபதியை எந்தத் தட்டில் நிறுத்துவது?

சிறு வீரர் உருவங்களை மேசை மேல் நகர்த்தி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டில் காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும், உருவங்களை ஒட்டும் அடித்தட்டின் அளவை விதிநூலே சொல்லிவிடுகிறது. தளபதி என்று வரும்போதோ பல விதிநூல்கள் கையை விரித்துவிடுகின்றன. செவ்வகம், வட்டம், பெரிய காட்சித் தட்டு என்று மூன்று வழிகளிலும் படைகளைச் செய்து பார்த்திருக்கிறேன். அந்தத் தளபதி களத்தில் என்ன செய்தார் என்பதைத் தட்டைப் பார்த்தவுடனே சொல்ல முடிய வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல் அது ஒன்றுதான்.

பழங்காலப் படைகளுக்குச் செவ்வகமே பொருத்தம். பழங்காலப் போர்களுக்கான டிபிஏ (De Bellis Antiquitatis) விதிகளில் ஒரு படை 12 தட்டுகள் கொண்டது. தளபதி அவற்றில் ஒன்றில்தான் இருக்கிறார். 15 மி.மீ. உயர உருவங்களுக்குத் தட்டின் முகப்பு அகலம் 40 மி.மீ., 25 அல்லது 28 மி.மீ. உருவங்களுக்கு 60 மி.மீ. மற்றவர்களைப் போலவே தளபதியும் வரிசையில் நின்று மோதுகிறார், பின்வாங்குகிறார், மடிகிறார். கி.மு. 331இல் கௌகமேலாவில் அலெக்சாந்தர் குதிரைப்படையின் முனையில் தானே பாய்ந்தார். கி.பி. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மீதிருந்தே உயிர்விட்டான். யானைமேல் துஞ்சியவர் என்றே கல்வெட்டுகள் அவனை நினைவுகூர்கின்றன. அவனைப் படைக்குப் பின்னால் தனித் தட்டில் நிறுத்த எனக்கு மனம் வராது. 40க்கு 40 யானைத் தட்டுதான் அவனுக்கு இடம். கூட்டத்தில் தளபதி தெரியாமல் போய்விடுவார் என்பது இந்த முறையின் குறை. உயரமான கொடி ஒன்றை நட்டால் அது தீர்ந்துவிடும்.

துப்பாக்கிக் காலத்துக்கு வந்துவிட்டால் நான் வட்டத்தின் பக்கம். 1815இல் வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் கோபன்ஹேகன் என்ற குதிரையில் ஏறி, எங்கே வரிசை தளர்கிறதோ அங்கே போய் நின்றார். அவர் எந்த ஒரு பட்டாளத்துக்கும் உரியவர் அல்லர். வட்டத் தட்டுக்கு முகப்பும் இல்லை, பக்கவாட்டும் இல்லை. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்ற வாக்குவாதமே எழாது. செவ்வகங்களுக்கு நடுவே கண்ணுக்கும் உடனே படும். பிரிகேட் தளபதிக்கு ஓர் உருவம், டிவிஷன் தளபதிக்கு இரண்டு, படைத் தலைவருக்கு மூன்று அல்லது அதற்கு மேல் என்ற பழைய வழக்கத்தை நான் விடுவதில்லை. மேசையின் மறுமுனையிலிருந்து பார்த்தாலும் பதவி விளங்கிவிடும். 28 மி.மீ. உருவங்களுக்கு 40, 50, 60 மி.மீ. விட்டம் எனக்குச் சரியாக வருகிறது. 40இல் குதிரையின் மூக்கும் வாலும் சற்று வெளியே நீட்டும்; அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வட்டத்தில் கவனிக்க வேண்டியது அளவெடுப்பு. கட்டளைத் தொலைவை, அதாவது தளபதியின் ஆணை எட்டும் தூரத்தை, தட்டின் விளிம்பிலிருந்து அளந்தால், 25 மி.மீ. தட்டில் நிற்பவரைவிட 60 மி.மீ. தட்டில் நிற்பவருக்கு எல்லாத் திசையிலும் 17.5 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும். தட்டு பெரிதானதால் குரல் தூரம் போகும் என்பது நியாயமில்லை. தளபதி உருவத்தின் தலையிலிருந்து அளப்பது என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காட்சித் தட்டின் அழகை மறுக்க மாட்டேன். சாம்பல் நிற மேலங்கியில் நெப்போலியன், மேசை மேல் விரித்த வரைபடம், பக்கத்தில் குதிரையைப் பிடித்திருக்கும் வீரன்: வண்ணம் தீட்டும்போது இதைவிட இன்பமான வேலை இல்லை. ஆனால் 100 மி.மீ. தட்டு இரண்டு பட்டாளங்களுக்கு நடுவே நுழையாது. சரிவான குன்றில் வைத்தால் ஆடும். என்னுடையது அப்படித்தான் ஒருமுறை கவிழ்ந்து, ஒரு துணை அதிகாரியின் வாள் முறிந்தது. படைத் தலைவருக்கு மட்டும், அதுவும் அவர் ஓரிடத்திலேயே நிற்கும் போருக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

ஒரே தளபதியைப் பல விதிகளுக்கும் பயன்படுத்துபவர்களுக்கு நான்காவது வழி ஒன்று உண்டு. உருவத்தைச் சிறிய வட்டத் தட்டில் ஒட்டி, அதே அளவு துளையுள்ள செவ்வகத் தட்டில் செருகிவிடுவது. அடியில் காந்தத் தாள் இருந்தால் அசையாது. துளையை மட்டும் 1 மி.மீ. பெரிதாக வெட்டுங்கள். மணலும் வண்ணமும் ஏறியபின் தட்டின் விளிம்பு தடித்துவிடும். பிறகு உள்ளே போன தளபதியை வெளியே எடுக்க நெம்ப வேண்டிவரும், முதலில் பெயர்வது குதிரையின் கால்தான்.