பட்டியலா, நாவலா? பி.ஏ. ஆங்கிலத்தில் சொல் சேர்க்கும் வழிகள்

பன்னிரண்டு வருஷம் தமிழ்வழியில் படித்துவிட்டு பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலேயே இரண்டு அறிவுரைகள் கிடைத்துவிடும். "தினமும் பத்து வார்த்தை மனப்பாடம் பண்ணு" என்பார் ஒரு ஆசிரியர். அடுத்த வகுப்புக்கு வருகிறவர், "அதெல்லாம் வேண்டாம், நாவலை எடுத்து வாசி, வார்த்தை தானா வரும்" என்பார். இரண்டுமே சரிதான். ஆனால் ஒரே மாணவருக்கு அல்ல, ஒரே தாளுக்கும் அல்ல.

முதலில் பட்டியல். மாணவர்களின் கைபேசிகளில் சுற்றிவரும் 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்' நியூசிலாந்தில் பிறந்தது. வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்டார். சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி நூல், கட்டுரைத் தொகுப்பை அலசி, எல்லோருக்கும் தேவையான அடிப்படைச் சொற்கள் 2,000-ஐக் கழித்துவிட்டு, பல துறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார். 'அனலைஸ்', 'அனாலிசிஸ்', 'அனலிட்டிக்கல்' எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம். இந்த 570-ஐ மட்டும் படித்தால் ஒரு கல்விக் கட்டுரையில் பத்தில் ஒரு பங்கு சொற்கள் வசமாகிவிடும். உழைப்புக்கு நல்ல கூலி.

அதே பட்டியலை அவர் கதை நூல்களில் வைத்துப் பார்த்தார். தேறியது 1.4 சதவீதம்! 300 சொற்கள் உள்ள ஒரு பக்கம் கட்டுரையாக இருந்தால் முப்பது சொற்கள் கைகொடுக்கும், நாவலாக இருந்தால் நாலு. காரணம் தொகுப்பிலேயே இருக்கிறது. கலை, வணிகம், சட்டம், அறிவியல் என நாலு பிரிவு, பிரிவுக்கு ஏழாக 28 துறைகள். கலைப் பிரிவில் வரலாறு உண்டு, தத்துவம் உண்டு, மொழியியல் உண்டு. இலக்கியம் கிடையாது. ஆக, இலக்கிய மாணவர் அந்தப் பட்டியலை உருப்போடுவது இரவல் சட்டை போட்டுக்கொள்கிற மாதிரிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலில் 'ஹீத்', 'பாரிஷ்', 'ஹார்த்' என்று வந்து முட்டும் சொற்களுக்கு அதில் விடை இல்லை.

அதற்காகத் தூக்கிப் போடவும் முடியாது. விமர்சனத் தாளும் மொழியியல் தாளும் இருக்கின்றனவே. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் விடைத்தாள் நாவல் நடையில் எழுதப்படுவதில்லை. 'கான்டெக்ஸ்ட்', 'அஸ்யூம்', 'எவிடென்ட்', 'அம்பிகுவஸ்' இல்லாமல் ஒரு கட்டுரை விடையை ஒப்பேற்றிப் பாருங்கள்.

இனி வாசிப்புக் கட்சி. இதற்கு இருக்கும் இடைஞ்சல் எளிய கணக்கு. துணையில்லாமல் ஒரு நூலைப் புரிந்துகொள்ள அதில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். 98 சதவீதம் என்றால் பக்கத்துக்கு ஆறு புதுச்சொல். அகராதியைத் தொடாமலே ஊகித்து நகரலாம். 2,000 சொற்களோடு வரும் மாணவருக்கோ அதே பக்கத்தில் முப்பது, நாற்பது சொற்கள் இடிக்கும். அதற்குப் பெயர் வாசிப்பு அல்ல, கல் பொறுக்குதல். அவரிடம் போய் "நாவல் வாசி" என்பது, நீச்சல் தெரியாதவனை ஆழத்தில் இறக்கிவிட்டுக் கரையில் நிற்பதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு கட்சிக்கும் மூத்தவர் ஒருவரே. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். வங்காளப் பிள்ளைகளின் பாடநூல்களில் அடிக்கொரு புதுச்சொல் வந்து வாசிப்பை முடக்குவதைக் கண்டு, சொற்களை அளந்து போட்ட வாசிப்பு நூல்களை எழுதினார். 1953-இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டவரும் அவர்தான். காக்ஸ்ஹெட் கழித்துவிட்ட அந்த 2,000 இதுவே. அவருக்குப் பட்டியல் வாசிப்புக்கு எதிரி அல்ல, ஏணி. நம் கல்லூரிகளில் அளந்து எழுதிய எளிய நூல்களைச் சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மூன்றாவது வழி, சொல் அட்டை. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1972-இல் பிரபலப்படுத்திய பெட்டி முறை: தெரிந்த அட்டை பின் பெட்டிக்குப் போய் எப்போதாவது வரும், தெரியாதது முன் பெட்டியில் நின்று தினமும் தொல்லை கொடுக்கும். 'ஆன்கி' செயலியும் அதே இடைவெளி விட்டுப் படிக்கும் தத்துவத்தில்தான் நடக்கிறது. நோட்டில் வரிசையாக எழுதிப் படிப்பதைவிட நிச்சயம் மேல்; வரிசையில் படித்தால் முந்தைய சொல் வந்தால்தான் அடுத்தது நினைவுக்கு வரும்.

அட்டையோ பட்டியலோ தராத ஒன்று, சொல்லின் கூட்டாளி. 'மருந்து சாப்பிடு' என்ற நினைப்பில் 'ஈட் மெடிசின்' என்று எழுதுகிற மாணவருக்கு இரண்டு சொல்லுமே தெரியும். 'டேக்' வர வேண்டும் என்பதுதான் தெரியாது. லிஃப்கோ அகராதி பொருளைச் சட்டென்று தமிழில் சொல்லிவிடும், அதற்கு அதுவே போதும். கூட்டாளியைத் தெரிந்துகொள்ள லாங்மன் போன்ற மாணவர் அகராதி வேண்டும். 1978-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே விளக்கங்கள் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் எழுதப்பட்டிருந்தன. ஆக, இங்கேயும் நுழைவுச்சீட்டு அதே 2,000.

எதைத் தேர்ந்தெடுப்பது? எத்தனை சொல் தெரியும் என்று அளக்க நேஷன் வகுத்த சொல்நிலைத் தேர்வை ஒரு மதியம் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். 2,000, 3,000, 5,000, 10,000 என்று படிகள், கல்விச் சொற்களுக்குத் தனிப் படி. 2,000 படியிலேயே தடுக்கினால் அட்டையும் எளிய நூல்களும்தான். நாவலும் வேண்டாம், காக்ஸ்ஹெட்டும் வேண்டாம். 3,000 தாண்டியவர் 570-ஐ எடுக்கலாம், கூடவே பாடத்தில் உள்ள விமர்சனக் கட்டுரைகளிலிருந்து தன் பட்டியலைத் தானே எழுதிக்கொள்ளலாம். 5,000-க்கு மேல் போனவரிடம் பட்டியலைக் காட்டாதீர்கள், நாவலோடு விட்டுவிடுங்கள்.

"இதெல்லாம் எதுக்கு சார், கைடு இருக்கே" என்பார்கள். இருக்கிறது. மனப்பாட விடையை வைத்தே ஆறு செமஸ்டரையும் அரியர் இல்லாமல் கடந்தவர்கள் உண்டு. சொல்வளத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பை அந்தக் கைடு மறைத்துவிடுகிறது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான யுஜிசி நெட் தகுதித் தேர்வில் இதுவரை பார்த்திராத ஒரு உரைநடைப் பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். அந்தப் பத்திக்கு எந்தக் கடையிலும் கைடு கிடையாது.