இக்னோவின் எம்.ஏ. உளவியல்: வளரிளம் பருவ ஆய்வுக்கு எந்த அளவுக்குத் துணை?

வளரிளம் பருவத்தினரின் ஆளுமையையும் அவர்களுக்குள் உருவாகும் நட்பு, விலக்கம், குழுச் சேர்க்கை ஆகியவற்றையும் ஆராய விரும்பி, வேலையையும் விட முடியாமல் இருந்தவர்கள் நெடுங்காலமாக முதலில் விசாரித்தது இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை எம்.ஏ. உளவியலைத்தான். இளங்கலையில் எந்தப் பாடம் படித்திருந்தாலும் சேரலாம் என்பது அதன் பெரிய ஈர்ப்பாக இருந்தது. ஆனால், உடல்நலம் சார்ந்த தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் அறிவித்து, அந்தப் பட்டியலில் உளவியலையும் சேர்த்துவிட்டது. முன்பே சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தாது. பாடநூல்களும் இக்னோவின் இ-ஞானகோஷ் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எனவே இந்தப் படிப்பை முடித்தவள் என்ற முறையில், அந்த நூல்களின் தரத்தையும் படிப்பின் அமைப்பையும் ஒரு குறிப்பிட்ட தேவையை முன்வைத்தே மதிப்பிடுகிறேன்.

முதலாண்டுப் பாடங்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாழ்நாள் வளர்ச்சி பற்றிய தாளில் வளரிளம் பருவத்திற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. உளவியலாளர் எரிக்சன் கூறிய அடையாளச் சிக்கலை, அதாவது ‘நான் யார்’ என்று அந்த வயதில் எழும் குழப்பத்தை, அது தெளிவாக விளக்குகிறது. ஆளுமைத் தாள் ஃபிராய்டு தொடங்கிக் கட்டெல், ஐசென்க் வரை கோட்பாடுகளை வரிசையாகக் கொண்டுசெல்கிறது. நடை சற்று வறட்சிதான், கூறியது கூறலும் உண்டு; ஆனால் உளவியலே படிக்காமல் வந்தவருக்கு அது தொல்லையாக இராது. நூல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் உள்ளன. தமிழ்வழியில் பட்டம் பெற்றவர்கள் முதல் சில மாதங்களில் கலைச்சொற்களோடு போராட வேண்டியிருக்கும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆளுமைத் தாள் பெரும்பாலும் வயது வந்தோரைப் பற்றியே பேசுகிறது. வளர்ச்சித் தாள் தனி ஒரு பிள்ளையைப் பின்தொடர்கிறது. சமூக உளவியல் தாள் குழுக்களைப் பொதுவாக எடுத்துக்கொள்கிறது. ஒரு வகுப்பறையில் யார் யாரை நாடுகிறார்கள், யாரை ஒதுக்குகிறார்கள், அதற்கும் ஆளுமைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி இந்த மூன்றுக்கும் இடையில் விழுந்துவிடுகிறது. இரண்டாம் ஆண்டின் சிறப்புப் பிரிவுகளும் மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல், தொழில் மற்றும் நிறுவன உளவியல் என்ற மூன்றே. வளர்ச்சி உளவியலுக்குத் தனிப் பிரிவு கிடையாது.

இதைவிடப் பெரிய இடைவெளி புள்ளியியலில் இருக்கிறது. ஒரே கும்பலைச் சேர்ந்த இருவர் புகைபிடிக்கிறார்கள் என்றால், நட்பினால் பழக்கம் வந்ததா, பழக்கம் ஒத்துப்போனதால் நட்பு வந்ததா? நண்பர்களிடையே காணப்படும் ஒற்றுமைக்கு இரண்டுமே காரணம் என்று ஆய்வாளர் டெனிஸ் காண்டெல் 1978இல் காட்டியது, அதே மாணவர்களைக் கால இடைவெளி விட்டு மறுபடியும் அளந்ததால்தான். ஒரு முறை வினாத்தாள் கொடுத்துவிட்டு இதற்கு விடை சொல்ல முடியாது. மேலும், ஒரு வகுப்பு மாணவர்கள் ஒருவரையொருவர் பாதிப்பதால் அவர்களின் பதில்கள் ஒன்றையொன்று சார்ந்தே இருக்கும். இக்னோவின் புள்ளியியல் தாள் ஒட்டுறவு, டி-சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு போன்ற அடிப்படைப் புள்ளியியல் முறைகளை நன்றாகவே கற்பிக்கிறது; ஆனால் அவற்றுள் பல, பதில்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோளின் மேல் நிற்பவை. மாணவரையும் அவர் இருக்கும் வகுப்பையும் தனித்தனி நிலைகளாகக் கணக்கில் கொள்ளும் பன்னிலைப் பகுப்பாய்வையும், யாருக்கு யாரோடு தொடர்பு என்பதை ஆராயும் வலையமைப்புப் பகுப்பாய்வையும் நாமாகத்தான் வேறெங்காவது தேடிக் கற்க வேண்டும்.

படிப்பில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி இரண்டாம் ஆண்டின் ஆய்வுத்திட்டம். ஒன்பதாம் வகுப்பில் சகமாணவர் தேர்வு முறையை நான் பயன்படுத்தினேன்: வகுப்பில் யாரை அதிகம் பிடிக்கும் என்று மூன்று பெயர்களை எழுதச் சொல்வது. யாரைப் பிடிக்காது என்றும் கேட்டால்தான், 1982இல் கோய், டாட்ஜ், கொப்போடெல்லி ஆகிய உளவியலாளர்கள் வகுத்தபடி, விரும்பப்படுவோர், ஒதுக்கப்படுவோர், கண்டுகொள்ளப்படாதோர், இருவகைக் கருத்துக்கும் ஆளாவோர், இடைநிலையினர் என்று பிரிக்க முடியும். அந்த இரண்டாம் கேள்விக்கு வந்ததும் பிள்ளைகள் தாளை இடக்கையால் மறைத்துக்கொண்டார்கள். ஒரு சிறுமி எழுதிய பெயரை அடித்துவிட்டு வெற்றிடமாகவே கொடுத்தாள். பெற்றோரின் இசைவும் பள்ளியின் அனுமதியும் இருந்தாலும், பிள்ளையிடம் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டியது ஏன் என்பதை ஆய்வு நெறிமுறை பற்றிய பாடத்தைவிட அந்த வெற்றிடம் நன்றாகப் புரியவைத்தது. நேரடி வகுப்புகள் குறைவான படிப்பில் நெறியாளர்தான் எல்லாம். எனக்கு வாய்த்தவர் பள்ளிகளில் பணியாற்றியவர் என்பதால் பிழைத்தேன்.

ஆலோசகராகப் பள்ளியில் வேலை பார்க்க விரும்புவோருக்கு இந்தப் படிப்பு நல்ல அடித்தளமாக இருந்திருக்கிறது. ஆய்வுப் பட்டத்தை நோக்கிப் போகிறவர்களுக்கு அது பாதி வழிதான். தொலைநிலைக் கதவு மூடியதை அவர்கள் பெரிய இழப்பாகக் கருதத் தேவையில்லை. நேரடிக் கல்லூரியில் சேரப் போகிறவர்கள், சேர்க்கைக் கட்டணம் கட்டுமுன் அந்தத் துறையில் வளரிளம் பருவத்தினரை ஆய்வு செய்யும் ஆசிரியர் இருக்கிறாரா, பள்ளிகளோடு துறைக்கு நடைமுறைத் தொடர்பு உண்டா, இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் தொடர்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். இக்னோவின் வாழ்நாள் வளர்ச்சி நூலையும் ஆளுமை நூலையும் சேர்வதற்கு முந்தைய கோடை விடுமுறையிலேயே பதிவிறக்கிப் படித்துவிடலாம்.