‘பியூர் காட்டன்’ ஃபில்டரை நம்பிச் சேலை வாங்காதீர்கள்

ஆன்லைனில் காட்டன் சேலை வாங்குபவர்கள், அதிலும் வயதானவர்களுக்கோ தோல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கோ வாங்குபவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். துணி வகையைத் தேர்ந்தெடுக்க இந்தத் தளங்கள் தரும் ஃபில்டரை இனி நம்ப முடியாது. ‘பியூர் காட்டன்’ என்று டிக் செய்தாலும் பாலியஸ்டர் கலந்த துணி வருகிறது. எங்கள் வீட்டுக்கே வந்தது. பணம் திரும்பக் கிடைத்துவிட்டது, ஆனால் அதற்குப் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இருப்பது திருச்சியில். போன கோடையில் கழுத்திலும் இடுப்பிலும் வேர்க்குருவாகத் தொடங்கியது, சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. தோல் மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, செயற்கை இழை எதுவும் உடம்பில் படக்கூடாது, பருத்தி மட்டும்தான் கட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அம்மாவால் கடை கடையாக ஏறி இறங்க முடியாது. நான் இருப்பது பெங்களூரில். அதனால் வீட்டில் கட்டிக்கொள்ள மெல்லிய காட்டன் சேலைகளை ஆன்லைனில் அனுப்பலாம் என்று முடிவு செய்தேன். ஊர் பேர் தெரியாத தளம் இல்லை, எல்லாரும் பயன்படுத்தும் பெரிய தளம்தான்.

இதே தளத்தில் ஏழெட்டு வருடங்களுக்கு முன் நிறைய வாங்கியிருக்கிறேன். அப்போது துணி, விலை, நிறம் என்று மூன்றைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் நாற்பது ஐம்பது சேலையாகச் சுருங்கும், எல்லாமே கேட்டதாகவே இருக்கும். இப்போது எத்தனை டிக் போட்டாலும் பட்டியல் சுருங்குவதே இல்லை. ‘காட்டன்’ தேர்ந்தெடுத்த பிறகும் ஜார்ஜெட், லிச்சி சில்க், ஆர்ட் சில்க் எல்லாம் வரிசையாக வருகின்றன. விலை குறைவிலிருந்து அதிகம் என்று வரிசைப்படுத்தினால் ரவிக்கைத் துணியும் ஃபால்ஸும்தான் முதல் இரண்டு பக்கத்துக்கு வருகின்றன.

அதில் விளம்பரம் என்று போட்டிருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தலைப்பிலும் விவரத்திலும் பியூர் காட்டன் என்று இருந்த, நான்கு நட்சத்திரத்துக்கு மேல் வாங்கிய சேலைகளாகப் பார்த்து ஆர்டர் செய்தேன். பார்சல் பிரித்த அன்றே அம்மா போன் செய்தார்.

“இது காட்டன் இல்லடி. கையில எடுத்தாலே வழுக்குது.”

கட்டிப் பார்க்கக்கூட இல்லை. முந்தானை ஓரத்தில் நூலை உருவி, அகல் விளக்கில் காட்டிப் பார்த்திருக்கிறார். நூல் எரிவதற்கு முன் உருகிச் சுருண்டு, நுனியில் கறுப்பாகக் கெட்டி உருண்டை நின்றது. அதைப் படம் எடுத்து அனுப்பினார். அம்மாவுக்கு இந்தச் சோதனை தெரிந்திருந்ததால் அந்தச் சேலை அவர் உடம்பில் படவில்லை. தெரியாத வீடுகளில் அதைத் துவைத்துக் கட்டியிருப்பார்கள். அரிப்பு ஏன் அடங்கவில்லை என்று மறுபடி டாக்டரிடம் போயிருப்பார்கள். இதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

எப்படி இப்படி ஆகிறது என்று அந்தப் பக்கத்தை வரி வரியாகப் படித்தேன். ஒரே சேலைக்குத் துணி விவரம் மூன்று இடங்களில் இருந்தது. தலைப்பில் ‘பியூர் காட்டன் ஹேண்ட்லூம்’. அதற்குக் கீழே சிறு பட்டியலில் ‘துணி: பியூர் காட்டன்’. பக்கத்தின் அடியில், தட்டினால் மட்டும் விரியும் ‘மேலும் விவரங்கள்’ பகுதியில் ‘காட்டன் பிளெண்ட்’, அதாவது கலப்புத் துணி. இந்த மூன்றையும் நிரப்புபவர் விற்பனையாளர்தான். பொருளைத் தளத்தில் ஏற்றும்போது வரும் படிவத்தில் ‘துணி’ என்ற கட்டத்துக்கு எதிரே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். நாம் ஃபில்டரில் டிக் செய்யும்போது தளம் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். துணியைத் தொட்டுப் பார்த்து யாரும் அதைச் சரிபார்ப்பதில்லை. காட்டன் என்று தேடுகிறவர்கள் ஏராளம், அதனால் கட்டத்தில் காட்டன் என்று போட்டால் சரக்கு அதிகம் பேர் கண்ணில் படும். யாராவது கேட்டால், கீழே பிளெண்ட் என்று எழுதியிருக்கிறோமே என்று காட்டிவிடலாம். எனக்கும் அந்த பதில்தான் வந்தது.

நட்சத்திர ஃபில்டரும் இதே கதிதான். அந்தச் சேலையின் விமர்சனங்களைப் பொறுமையாகப் படித்துக்கொண்டே போனால், பாதிக்கு மேல் மெத்தை விரிப்பைப் பற்றியவை. ‘கட்டிலுக்குச் சரியாக இருக்கிறது, சாயம் போகவில்லை’ என்று யாரோ மனதார எழுதியிருக்கிறார்கள். பழைய பொருளின் பக்கத்தில் புதுப் பொருளை ஏற்றி, அல்லது வேறு வேறு பொருட்களை ஒரே பொருளின் நிறங்கள் போல இணைத்து, சேர்த்துவைத்த நட்சத்திரங்களை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். உலகம் முழுக்க விற்பனைத் தளங்களில் நடக்கும் பழைய தந்திரம் இது. ஆன்லைன் விமர்சனங்களுக்காக இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. ஆனால் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவிலேயே அது வந்தது.

தளங்கள் ஏன் இதைச் சரிசெய்யவில்லை என்றால், தேடல் பக்கமே அவர்களுக்கு வருமானமாகிவிட்டது. மேலே வரும் இடங்களை விற்பனையாளர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அமேசான் 2024இல் உலக அளவில் விளம்பரத்தில் மட்டும் ஈட்டியது 5,600 கோடி டாலருக்கு மேல். 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் 17 மாநிலங்களும் அந்த நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், தேடலுக்குப் பொருந்தாத விளம்பரங்களைக் குவித்துத் தேடல் முடிவுகளின் தரத்தைக் குறைத்தது என்பதும் ஒரு குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுக்கிறது. நம் ஊர்த் தளங்களிலும் காசு கொடுத்த சரக்கு ஃபில்டரைத் தாண்டி முன்னால் வந்து நிற்பதை யார் வேண்டுமானாலும் போனைத் திறந்து பார்க்கலாம். நான் வாங்கிய தளத்தில் ‘விளம்பரம்’ என்ற சொல் வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருந்தது. கண்ணாடி போட்டவர்களுக்கே தெரியாது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு அறிவித்த வழிகாட்டு நெறிகளில் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகள் தடை செய்யப்பட்டிருக்கின்றன. விளம்பரம் என்று தெரியாதபடி மறைத்துக் காட்டுவதும் அவற்றில் ஒன்று.

காட்டனோடு இது நிற்கவில்லை. ‘காஞ்சிபுரம் பட்டு’ என்று தேடினால் ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்குப் பக்கம் பக்கமாகச் சேலைகள் வருகின்றன. அந்த விலைக்கு அசல் பட்டு நூல்கூட வராது. ‘மதுரைச் சுங்குடி’ என்று தேடினால், கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய புள்ளிகளுக்குப் பதிலாக, புள்ளி அச்சடித்த பாலியஸ்டர் வருகிறது. இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை, அதாவது அந்தந்த ஊர்த் தயாரிப்புக்கே உரியவை என்று சட்டப்படி பதிவான பெயர்கள். ‘ஹேண்ட்லூம்’ என்ற ஃபில்டரில் விசைத்தறிச் சேலை நிறைந்திருக்கிறது. குறிப்பிட்ட வகைச் சேலைகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கி 1985இல் போட்ட சட்டம் இன்னும் இருக்கிறது. ஒரு சேலைக்கு நாள் கணக்கில் தறியில் உட்காரும் நெசவாளியின் பெயரைப் போட்டு வேறு எதையோ விற்கிறார்கள். வாங்குகிறவர் இழப்பது சில நூறு ரூபாய், நெசவாளி இழப்பது பிழைப்பு.

இனி பணம் வாங்கிய கதை. ரிட்டர்ன் போட்டபோது காரணப் பட்டியலில் ‘அளவு சரியில்லை’, ‘நிறம் வேறு’, ‘சேதம்’ எல்லாம் இருந்தன. துணி வேறு என்று சொல்ல இடமே இல்லை. இருப்பதில் கிட்டத்தில் இருந்த ‘விவரத்தோடு பொருந்தவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். எடுக்க வந்த தம்பி போனில் இருந்த படத்தையும் சேலையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “படத்துல இருக்கற சேலைதானே பாட்டி, பொருந்துதுன்னு காட்டுது, எடுக்க முடியாது” என்று போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை படத்தைப் பார்ப்பது மட்டும்தான். வாடிக்கையாளர் சேவை சாட்டில் ரோபோ ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னது. கடைசியில் ஆள் வந்து, பாதிப் பணத்தைத் தள வாலட்டில் போடுகிறோம், சேலையை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்களும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்டால் புகார் முடிந்ததாகப் பதிவாகிவிடும்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020 ஜூலை 23 முதல் அமலில் இருக்கின்றன. விளம்பரப்படுத்திய தன்மை பொருளில் இல்லை என்றால் அதைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும், அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருட்களை எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகிறோம் என்பதையும் எளிய மொழியில் விளக்க வேண்டும். அந்த அதிகாரிக்கு ஈமெயில் எழுதினேன். தலைப்பு, துணிக் கட்டம், அடியில் இருந்த ‘பிளெண்ட்’ மூன்றின் ஸ்க்ரீன்ஷாட்டும், உருகிய நூலின் படமும் இணைத்தேன். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். அழைப்பு இலவசம், தமிழிலேயே பேசலாம். அதற்குப் பிறகுதான் அசைந்தார்கள். முழுப் பணமும், வாலட்டுக்கு இல்லாமல், கட்டிய வங்கிக் கணக்குக்கே வந்தது. அந்தச் சேலையோ இன்றும் அதே தலைப்போடு, அதே ஃபில்டரில் விற்பனையில் இருக்கிறது.

‘நாங்கள் இடைத்தரகர்தான், பொறுப்பு விற்பனையாளருடையது’ என்று தளத்திலிருந்து பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். கட்டாயத் தரநிலையைப் பூர்த்தி செய்யாத பிரஷர் குக்கர்களை விற்க விட்டதற்காக அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்கவும் உத்தரவிட்டது. ஃபில்டர்களிலும் அரசு கை வைக்க முடியும் என்பதற்கு ஒரு அறிகுறி தெரிகிறது: எந்த நாட்டில் தயாரானது என்று தேடவும் வரிசைப்படுத்தவும் வசதி தர வேண்டும் என்று 2025 நவம்பரில் ஒரு வரைவுத் திருத்தம் வெளியிட்டார்கள். துணி வகைக்கும் அப்படி ஒன்று வேண்டும், அதில் பொய்யாக டிக் செய்பவருக்குத் தண்டனையும் வேண்டும்.

அதுவரை ஆன்லைனில்தான் வாங்க வேண்டும் என்றால், ஃபில்டரைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, முடிவை ‘மேலும் விவரங்கள்’ பகுதியைப் படித்து எடுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், பிறகு விவரத்தை மாற்றிவிடுகிறார்கள். விமர்சனங்களைப் புதியது முதல் என்று வரிசைப்படுத்தி, வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். அங்கேயே ‘பாலியஸ்டர்’ என்று தேடினால் ஏமாந்தவர்களின் குரல் கிடைக்கும். பட்டு என்றால் சில்க் மார்க், கைத்தறி என்றால் ஹேண்ட்லூம் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸுக்கு ஆன்லைன் விற்பனையும் உண்டு. அம்மாவுக்கு இப்போது அங்கிருந்துதான் வாங்குகிறேன். விலை கொஞ்சம் கூட, ஆனால் புண் ஆறிவிட்டது.

சேலை வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஓரத்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பட்டு, முடி கருகும் வாசனை தரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியாக உருண்டு நிற்கும். ஊடு (குறுக்கு நூல்), பாவு (நெடுக்கு நூல்) இரண்டிலிருந்தும் நூல் எடுங்கள், பாவு பருத்தியாகவும் ஊடு பாலியஸ்டராகவும் இருப்பதுண்டு.

இன்னொன்று. கோபத்தில் கூகுளில் அந்தத் தளத்தின் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ தேடி அழைக்காதீர்கள். அப்படிக் கிடைக்கும் எண்களில் பல மோசடிக்காரர்களுடையவை. ரீஃபண்ட் தருகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள், ஓடிபி சொல்லுங்கள் என்று கணக்கையே காலி செய்துவிடுவார்கள். ஆப்புக்குள் இருக்கும் வழியை மட்டும் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

1915இல் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்பனையாளர் சூரத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசுத் தளமான இ-ஜாக்ரிதியில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். விற்பனையாளர் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் உள்ள இன்வாய்ஸை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.